சட்டப்படி பார்வையற்றவர் யார்? அளவுகோலும் அன்றாட வாழ்க்கையும்

புதுதில்லி: பேருந்து நிறுத்தத்தில் வெண்கோலுடன் நிற்கும் ஒருவர், கைப்பேசியை மூக்கு நுனிக்கு அருகே பிடித்துக் குறுஞ்செய்தி படித்தால், சுற்றியிருப்போரில் ஒருவராவது அவரைச் சந்தேகத்துடன் பார்ப்பார். பார்வையின்மை என்றால் முழு இருள் என்ற எண்ணம் அந்த அளவுக்கு வேரூன்றியுள்ளது. ஆனால், மருத்துவமும் சட்டமும் பார்வையற்றோர் என்று வகைப்படுத்துவோரில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவு பார்வை எஞ்சியிருக்கிறது. சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். சிலர் எதிரில் நிற்பவரின் உருவத்தை அறிவர், முகத்தை அறியமாட்டார்கள். வேறு சிலர் நாளிதழின் எழுத்தைப் படித்துவிடுவார்கள். ஆனால், காலடியில் கிடக்கும் கல் அவர்களுக்குத் தெரியாது.

இத்தனை வகைப் பார்வைகளுக்கு நடுவே சட்டம் ஒரு கோட்டை வரைந்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அரசு வேலையில் இடஒதுக்கீடு, தேர்வில் கூடுதல் நேரம், மாத உதவித்தொகை ஆகியவை அவருக்குக் கிடைக்கின்றன அல்லது மறுக்கப்படுகின்றன. அந்தக் கோடு எங்கே உள்ளது, எப்படி அளக்கப்படுகிறது, அதற்கு இருபுறமும் வாழ்க்கை எவ்வாறு நடக்கிறது என்பதைக் காண்போம்.

6/60 என்பதன் பொருள்

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும், மேலே பெரிதாகவும் கீழே செல்லச் செல்லச் சிறிதாகவும் எழுத்துகள் அச்சிடப்பட்ட அட்டையை அறியாதவர்கள் இருக்க முடியாது. நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் உருவாக்கிய அட்டை அது. தமிழ் எழுத்துகளிலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திசை காட்டும் வடிவங்களிலும் அதே அட்டை இங்கு பயன்படுகிறது.

அட்டையிலிருந்து 6 மீட்டர் தொலைவில் நோயாளி அமர்த்தப்படுகிறார். 6/60 என்று மருத்துவர் குறித்தால், இயல்பான கண் 60 மீட்டரிலிருந்தே அடையாளம் காணும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்த பிறகே காண்கிறார் என்று பொருள். அட்டையின் உச்சியில் உள்ள மிகப் பெரிய எழுத்துதான் அந்த அளவைக் குறிக்கிறது. அதுவும் தெரியாதவரை அட்டைக்கு அருகே அழைத்துச் செல்கிறார்கள். 3 மீட்டரில் தெரிந்தால் 3/60. அதற்கும் கீழே சென்றால் அட்டை பயன்படாது. விரல்களை எண்ணச் சொல்வார்கள், பிறகு கை அசைவது தெரிகிறதா என்று கேட்பார்கள், இறுதியாக விளக்கொளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒளியும் தெரியாத நிலையே முழுப் பார்வையின்மை.

கூர்மை மட்டுமே பார்வை ஆகாது. எவ்வளவு பரப்பு கண்ணுக்குள் வருகிறது என்பதும் முக்கியம். கையை முழுவதுமாக நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டி மறைக்கும் இடம் ஏறத்தாழ 10 பாகை. உலகம் முழுவதும் அந்த அளவுக்குச் சுருங்கிப்போனவர், தன் முன்னே உள்ள எழுத்தைத் தெளிவாகப் படித்தாலும் தெருவைக் கடக்க முடியாது. ஆகவேதான் சட்டம் இரண்டையும் கணக்கில் கொள்கிறது.

அமெரிக்கக் கோடு, இந்தியக் கோடு

இணையத்தில் இதைப் பற்றித் தேடுவோர் பெரும்பாலும் அமெரிக்க வரையறையையே காண்கிறார்கள். அங்கு 1934-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டு, பின்னர் நலத்திட்டச் சட்டங்களில் இடம்பெற்ற அளவு 20/200. அடிக்கணக்கில் சொல்லப்படும் இது, மீட்டர் கணக்கில் நமது 6/60-க்குச் சமம். பார்வைப் பரப்பு 20 பாகை அல்லது அதற்கும் குறைவாக இருந்தாலும் அங்கு ஒருவர் சட்டப்படி பார்வையற்றவர்.

இந்தியாவிலும் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே அளவுகள்தாம் இருந்தன. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கோட்டை நகர்த்தியது. இன்றைய நிலையில், கண்ணாடி முதலிய இயன்ற திருத்தங்கள் அனைத்தையும் செய்த பின்னும் நல்ல நிலையில் உள்ள கண்ணின் கூர்மை 3/60-க்கும் குறைவாக இருந்தாலோ, பார்வைப் பரப்பு 10 பாகைக்கும் குறைவாக இருந்தாலோ மட்டுமே ஒருவர் பார்வையற்றவர். கூர்மை 6/18-க்குக் கீழே தொடங்கி 3/60 வரை உள்ளவர்களும், பரப்பு 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை உள்ளவர்களும் குறைபார்வை உடையோர் என்ற தனி வகையில் வருகிறார்கள். அமெரிக்காவில் சட்டப்படி பார்வையற்றவராகக் கருதப்படும் ஒருவர், அதே கண்களுடன் இந்தியாவில் குறைபார்வையாளராக மட்டுமே பதிவாகக்கூடும்.

பெயர் மாற்றத்தால் பெரிய இழப்பு இல்லை என்று தோன்றலாம். வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அது உண்மையே. மத்திய, மாநில அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வையாளர்களுக்கும் பொதுவானது. சிக்கல் தொடங்குவது சதவீதக் கணக்கில்.

30, 40, 70, 80

மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் இரு கண்களின் நிலையையும் ஓர் அட்டவணையில் பொருத்தி, பாதிப்பைச் சதவீதமாக மாற்றுகின்றன. சட்டப் பலன்களில் பெரும்பாலானவை 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன.

ஒரு கண் முற்றிலும் பழுதாகி, மறு கண் நன்றாக இருப்பவருக்கு இந்த அட்டவணை தரும் மதிப்பு 30 சதவீதம். எனவே, ஒற்றைக் கண்ணுடன் வாழ்பவர் இடஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவதில்லை. ஆழத்தை உணர்வதில் ஏற்படும் தடுமாற்றமும், ஒரு பக்கம் முழுவதும் மறைந்துபோவதும் அவருக்கு அன்றாட உண்மை என்றாலும் அட்டவணையின் கணக்கு அதுவே. இரு கண்களும் 6/24 முதல் 6/60 வரை உள்ளவர் 40 சதவீதத்தில் நுழைகிறார். இரு கண்களும் 6/60-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் 70 சதவீதம். நல்ல கண்ணே 3/60-க்குக் கீழே சென்றுவிட்டால் 90 சதவீதம். விரல் எண்ணக்கூட இயலாத நிலையில் 100.

இந்த எண்கள் எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதற்கு இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 18 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்காக மாதம் 300 ரூபாய் தரும் இத்திட்டத்துக்குத் தேவையான பாதிப்பு 80 சதவீதம். இரு கண்களும் 4/60 என்ற நிலையில் உள்ள ஒரு கூலித் தொழிலாளி 70 சதவீதத்தில் நின்றுவிடுகிறார். பேருந்தின் எண்ணையோ, எதிரில் வருபவரின் முகத்தையோ அவரால் அறிய முடியாது. இருந்தும், அந்த 300 ரூபாய் அவருக்கு இல்லை. மாநில அரசுகள் தத்தம் திட்டங்களில் வேறு வரம்புகளை வைத்துள்ளதால், ஒரு மாநிலத்தில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கலாம்.

கணக்கெடுப்பு வேறு, சான்றிதழ் வேறு

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். சான்றிதழுக்கான சோதனை, கண்ணாடி அணிந்த பின் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்க்கிறது. நலவாழ்வுத் துறையின் கணக்கெடுப்போ, அந்த நாளில் அந்த மனிதர் வந்து நிற்கும் நிலையில் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்க்கிறது. கண்ணாடி வாங்க வசதியில்லாதவரும், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரும் கணக்கெடுப்பில் பார்வையற்றோர். சட்டத்தின் முன் அவர்கள் சிகிச்சை பெற வேண்டியவர்கள்.

2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரில் 1.99 சதவீதம் பேர் பார்வையற்றோர். மொத்த மக்கள்தொகையில் இது 0.36 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. 50 வயதைக் கடந்தோரின் பார்வையின்மைக்கு 66.2 சதவீதம் காரணம் கண்புரை. சிறு அறுவைச் சிகிச்சையால் நீக்கக்கூடிய நோய் அது. இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இலேயே தொடங்கிவிட்டது என்பதை எண்ணினால், இந்த 66.2 சதவீதம் உறுத்தவே செய்யும். அத்திட்டமும் 2017-இல் தன் வரையறையை 6/60-இலிருந்து 3/60-க்கு மாற்றிக்கொண்டது. எனவே, பழைய எண்ணிக்கைகளுடன் புதியவற்றை நேரடியாக ஒப்பிட்டு, குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது சரியாகாது.

கண்புரையைத் தாண்டிய காரணங்கள் பெரும்பாலும் திரும்பாத இழப்பைத் தருபவை. கண் அழுத்த நோய் ஓரப் பார்வையை ஓசையின்றித் தின்று உள்நோக்கி வருகிறது. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு, கண் நன்றாகத் தெரியும் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவரிடம் செல்வது பல நேரங்களில் காலம் கடந்த செயல். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தெரிவது வேறு

ஒரே சதவீதம் பெற்ற இருவர் ஒரே மாதிரி காண்பதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தவருக்கு, எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துபோகும். ஓரங்கள் தெரியும். அவர் அறையில் மேசை, நாற்காலிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறாமல் நடப்பார். ஆனால், எதிரே நிற்கும் மருமகளை அடையாளம் காணமாட்டார். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு உள்ளவருக்கு முதலில் இரவுப் பார்வை போகிறது. பின்னர் சுற்றுப்புறம் சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பது போல ஆகிறது. பகலில் புத்தகம் படிக்கும் அதே மனிதர், மாலை மங்கியதும் வாசற்படி தெரியாமல் விழுகிறார். வெயிலில் தெரிந்தது நிழலில் தெரியாது, நிழலில் தெரிந்தது வெயிலில் கூசி மறையும்.

குறைபார்வையாளர்கள் அதிகம் எதிர்கொள்ளும் வேதனை இங்கிருந்துதான் பிறக்கிறது. நேற்று வணக்கம் சொன்னவர் இன்று கண்டும் காணாமல் போகிறார் என்று அக்கம்பக்கத்தார் கோபிக்கிறார்கள். பார்வை இருப்பதாக நடிக்கிறார் என்று சிலரும், இல்லாததாக நடிக்கிறார் என்று சிலரும் சொல்கிறார்கள். முழுப் பார்வையின்மையைப் புரிந்துகொள்ளும் சமூகத்துக்கு, பாதிப் பார்வையைப் புரிந்துகொள்வது கடினமாகவே இருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்கு அஞ்சியே பலர், தேவைப்படும் காலத்திலும் வெண்கோலை எடுக்கத் தயங்குகிறார்கள்.

வெளியில் சொல்ல அஞ்சும் இன்னொன்றும் உண்டு. பார்வை பெருமளவு குறைந்த முதியவர்கள் சிலருக்கு, இல்லாத உருவங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். அறியாத மனிதர்கள், பறவைகள், சுவரில் படரும் கோலம் போன்ற வடிவங்கள் தோன்றி மறையும். சுவிட்சர்லாந்து இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே, தம் பாட்டனாருக்கு நேர்ந்த இந்த அனுபவத்தை 1760-இல் பதிவு செய்தார். அவரது பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வராத நிலையில் மூளை தானே காட்சிகளைப் படைத்துக்கொள்வதே இதற்குக் காரணம் என்று விளக்கப்படுகிறது. இது மனநோய் அல்ல. காண்பவருக்கும் அவை உண்மையல்ல என்பது பொதுவாகத் தெரிந்தே இருக்கும். பித்துப் பிடித்துவிட்டது என்றோ, பேய் பிடித்துவிட்டது என்றோ வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சிப் பலர் மறைத்துவிடுகிறார்கள். கண் மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் விளக்கமே மருந்தாகிவிடும்.

வீட்டிலும் வீதியிலும்

எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தக் கற்றுத்தருவதே குறைபார்வை மருத்துவத்தின் பணி. கை உருப்பெருக்கி, கரும்பலகையையும் பேருந்து எண்ணையும் பார்க்க உதவும் சிறு தொலைநோக்கி, எழுத்தைத் திரையில் பலமடங்கு பெரிதாக்கும் கருவி ஆகியவை நோயாளியின் தேவைக்கேற்பப் பரிந்துரைக்கப்படுகின்றன. நடுப்பார்வை இழந்தவர்களுக்கு, பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்கும் பயிற்சி தரப்படுகிறது.

செலவில்லாத மாற்றங்களும் பல. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் கலந்துவிட்டால் குறைபார்வையாளருக்குத் தட்டு காலியா நிறைவா என்று தெரியாது. அடர்நிறத் தட்டில் அதே சோறு தனித்துத் தெரியும். வாழை இலை இவ்வகையில் மிக நல்ல உண்கலம் என்பது தற்செயலாக அமைந்த நன்மை. படிக்கட்டின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை, பின்புறத்திலிருந்து ஒளி விழும் வளைகழுத்து விளக்கு, தடித்த கறுப்பு எழுதுகோல், பொருள்களை எடுத்த இடத்திலேயே வைக்கும் வீட்டார் ஆகியவை பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது.

தெருவில் உதவ விரும்புவோர் செய்யும் பொதுவான பிழை, கேட்காமல் கையைப் பிடித்து இழுப்பது. பெயரைச் சொல்லி, உதவி வேண்டுமா என்று கேட்டு, தம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் செய்து அரை அடி முன்னே நடப்பதே முறை. அப்போது வழிகாட்டுபவரின் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வெண்கோல் தரையில் உள்ள தடையை உணர்த்தும். முகத்துக்கு நேராக நீளும் மரக்கிளையையோ, நிறுத்தப்பட்ட லாரியின் பின்பலகையையோ அது உணர்த்தாது. இக்குறையைப் போக்க தில்லி ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட 'ஸ்மார்ட்கேன்' கருவி, முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளை ஒலியலைகளால் அறிந்து அதிர்வாகத் தெரிவிக்கிறது. நடைபாதைகளில் பதிக்கப்படும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் ஜப்பானில் 1960-களில் தோன்றியவை. நேர்க்கோடுகள் நடக்கச் சொல்கின்றன, புள்ளிகள் நிற்கச் சொல்கின்றன. இந்திய நகரங்களில் அக்கற்களின் வரிசை மின்கம்பத்திலோ கடைவிரிப்பிலோ போய் முடிவதைக் காணாதவர் குறைவு. ஓசையின்றி வரும் மின்வாகனங்கள், காதால் சாலையைக் கடப்பவர்களுக்குப் புதிய அச்சுறுத்தல்.

பணத்தாள் விஷயத்தில் இழப்பும் ஈடும் கலந்தே வந்துள்ளன. 2016-க்குப் பின் வந்த புதிய தாள்களில் 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றும் 66 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. நீளத்தில் 142, 146, 150 என்று 4 மில்லிமீட்டர் மட்டுமே வேறுபடுகின்றன. விரலால் அளந்து பிரிக்கப் பழகியவர்களுக்கு இது போதாது. நூறில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் தடவி உணரும்படி புடைப்பாக அச்சிடப்பட்டுள்ளன. ஓரங்களில் சாய்கோடுகளும் உண்டு. கைமாறித் தேய்ந்த தாளில் அவை மங்கிவிடுகின்றன. கைப்பேசி கேமராவில் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது.

புள்ளியிலிருந்து குரலுக்கு

இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழின் 'க'வும் இந்தியின் 'க'வும் அதில் ஒரே புள்ளிகள். அச்சில் பிரிந்து நிற்கும் மொழிகள் விரல்நுனியில் ஒன்றாகிவிட்ட அரிய ஏற்பாடு அது. இன்று கல்லூரி மாணவர்களின் முதன்மைத் துணை திரைவாசிப்பான் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் வசதி உள்ளமைந்தே வருகிறது.

பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்ற அனுமதிக்கும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது.

ஆனால், திரைவாசிப்பான் படிக்க வேண்டுமானால் எதிரே உள்ள செயலி அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்க, கண்ணைச் சிமிட்டித் தற்படம் எடுக்க, சட்டத்துக்குள் முகத்தைப் பொருத்துக என்று கேட்கும் செயலியின் முன் பார்வையற்ற பட்டதாரியும் வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் நிற்கிறார். ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பு இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அறிவித்த நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, கண் சிமிட்டுதலுக்கு மாற்று வழி உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

அதற்கு முன்னர், 2024 நவம்பர் 8 அன்று, பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், அணுகல்தன்மைத் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. மனுவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள்.

நீதிபதி நாற்காலியும் 50 சதவீதமும்

பார்வையற்றவர் எந்தப் பணிக்குத் தகுதியானவர் என்ற கேள்வியில் நாட்டின் நிலைப்பாடு நேர்க்கோட்டில் முன்னேறவில்லை. பார்வையற்ற வழக்கறிஞரான சாதன் குப்தா 1953 இடைத்தேர்தலில் கொல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் பணியாற்றினார். ஆயினும், 66 ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் வேறு குரல் ஒலித்தது. உரிமையியல் நீதிபதி பதவிக்கான இடஒதுக்கீட்டில் 40 முதல் 50 சதவீதம் வரை பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற வரம்பை, 70 சதவீதப் பாதிப்புள்ள சுரேந்திர மோகன் எதிர்த்தார். 2019 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்றது.

2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் நிலை மாறியது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, 40 சதவீத வரம்பைக் காட்டி, சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான வசதிகளைச் செய்துதரும் கடமையைக் கருதாத 2019 தீர்ப்பு முன்னுதாரணமாகாது என்றும் குறிப்பிட்டது. 30 சதவீதத்தில் நின்றுவிடும் ஒற்றைக் கண் தேர்வர்கள் போன்றோருக்கு இத்தீர்ப்பின் தர்க்கம் முக்கியமானது. இடஒதுக்கீட்டுக்கு வரம்பு இருக்கலாம், அதே வரம்பை உதவிகள் அனைத்துக்கும் பூட்டாக மாட்டக் கூடாது என்பதே அதன் சாரம்.

மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதிகள், பார்வையற்றோரையும் குறைபார்வையாளர்களையும் முற்றிலுமாக விலக்கி வைத்திருந்தன. பார்வையற்ற தேர்வர் ஒருவரின் தாய், இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 மார்ச் 3 அன்று அந்த விதி ரத்து செய்யப்பட்டது. மாற்றுத்திறன் ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி நீதித்துறைப் பணிக்கான போட்டியிலிருந்து யாரையும் விலக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

நிர்வாகப் பணிகளிலும் இத்தகைய இழுபறிகள் நடந்தன. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பிராஞ்சல் பாட்டீல் தேர்ச்சி பெற்றும், முழுப் பார்வையின்மையைக் காரணம் காட்டி ரயில்வே கணக்குப் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. மீண்டும் தேர்வெழுதி 124-ஆவது இடம் பிடித்து ஐஏஎஸ் அதிகாரியான அவர், 2019-இல் திருவனந்தபுரத்தில் சார் ஆட்சியராகப் பொறுப்பேற்றார். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுப் பார்வையின்மையுடன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் நபர் என்பது குறிப்பிடத்தக்கது.

விளையாட்டு காட்டும் வழி

பார்வையின் படிநிலைகளை ஏற்றுக்கொண்டு அவற்றையே விதியாக்கிய இடம் பார்வையற்றோர் கிரிக்கெட். வீரர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறார்கள். முழுப் பார்வையின்மை பி1, மிகக் குறைந்த பார்வை பி2, ஓரளவு பார்வை பி3. பதினொருவர் அணியில் குறைந்தது 4 பேர் பி1 பிரிவினராக இருக்க வேண்டும். அவர்கள் மட்டையால் அடிக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படுகின்றன. உள்ளே குண்டுமணிகள் குலுங்கும் பந்து, கையைத் தாழ்த்தி உருட்டி வீசப்படுகிறது. 2025 நவம்பர் 23 அன்று கொழும்பில் நடைபெற்ற முதலாவது பார்வையற்ற மகளிர் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்திய அணி நேபாளத்தை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

சான்றிதழ் பெறும் முறை

சட்டப் பலன்கள் அனைத்துக்கும் நுழைவாயில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும். மத்திய அரசின் 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். பின்னர், குறிப்பிடப்படும் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர் பரிசோதிப்பார். அட்டையின் நிறமே பாதிப்பின் அளவைக் காட்டும். 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80 மற்றும் அதற்கு மேல் நீலம். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

பார்வை மேம்பட வாய்ப்புள்ளது என்று மருத்துவர் கருதினால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றிதழ் வழங்கப்படும். பார்வை மேலும் குறைந்தால் மறுமதிப்பீடு கோரலாம். பரிசோதனைக்குச் செல்லும்போது பழைய மருத்துவக் குறிப்புகளையும், பார்வைப் பரப்புச் சோதனை முடிவையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. எழுத்து அட்டையைப் படித்துவிடும் பலருக்குப் பரப்புக் குறைபாடே உண்மையான பாதிப்பு என்பதால், அந்தச் சோதனை விடுபட்டால் சதவீதம் குறைந்துவிடும். சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து, மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம்.